நூறு பாகையின் வரலாறு



தண்ணீர் எத்தனை பாகையிற் கொதிக்கும் என்று பாடசாலைச் சிறுவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். நூறு பாகை செல்சியஸ் என்று தயக்கமின்றி விடை கூறுவான். அவ்விடை பிழையானதன்று, ஆயின் முழுமையானதும் அன்று. அந்த நூறு எங்கிருந்து வந்தது, அதனை வகுத்தவர் யாவர், அதனோடு அவர்கள் சேர்த்துக் கூறிய நிபந்தனை யாது என்பனவற்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். இரசாயனவியல் பயிலும் மாணவர்க்கு இவ்வுரை உதவும் என்பது என் நம்பிக்கை. ஏனையோரும் தத்தம் அடுப்பங்கரையில் நாள்தோறும் நிகழும் ஒன்றின் வரலாறாக இதனைக் கேட்கலாம்.

நான் விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லேன். கலைப்பட்டதாரி, பல்லாண்டுகளாக வரலாறு கற்பித்துப் பின்னர் அதிபர் பொறுப்பை ஏற்றவன். அத்தகைய ஒருவன் கொதிநீரைப் பற்றிப் பேச முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதிலிருந்து தொடங்குவதே நேர்மை.

இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த நிவித்திகலப் பகுதியில் வாழும் எமக்குச் சிவனொளிபாதமலை தொலைவிலுள்ளதன்று. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். சில ஆண்டுகளுக்கு முன் அக்காலத்தில் எம் மாணவர் சிலர் இரத்தினபுரி வழியாகப் பலாபத்தலைக்குச் சென்று, அங்கிருந்து மலையேறினர். அவர்களுள் விஞ்ஞானத்தில் ஆர்வமிக்க மாணவி ஒருத்தி, ஆசிரியரிடம் அனுமதி பெற்று, பாடசாலை வெப்பமானி ஒன்றைத் துவாயிற் சுற்றித் தன்னுடன் எடுத்துச் சென்றாள். மலையுச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள தேநீர்க்கடையில், கொதித்துக்கொண்டிருந்த நீரில் அதனை அமிழ்த்திப் பார்த்தாள். அது 93 பாகையைக் காட்டிற்று. கடைக்காரரிடம் கேட்டு அடுப்பை இன்னும் எரியவிட்டாள். நீர் பொங்கிற்று, பாகையோ ஏறவில்லை. தன் குறிப்பேட்டில் 93 என்று எழுதிக்கொண்டாள்.

மறுவாரம் அக்குறிப்பேட்டை என்னிடம் கொண்டுவந்து, "சேர், இது ஏன் நூறுக்கு வரவில்லை?" என்று கேட்டாள். நான் சிறிதும் சிந்தியாமல், "வெப்பமானி பழுதாக இருக்கும், பரீட்சையில் நூறு என்றே எழுது" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. என் கண்முன்னேயே 93 என்பதை வெட்டி, அதன்மேல் 100 என்று எழுதினாள்.

சில வாரங்களின் பின் அதே வெப்பமானியை விஞ்ஞான ஆசிரியர் எம் பாடசாலையிற் கொதிநீரில் இட்டபோது, அது ஏறத்தாழ நூறையே காட்டிற்று. கருவியிற் பழுதில்லை. பழுது என் விடையில் இருந்தது. அதன் பின்னரே நான் நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

முதலில் ஆவியாதல் என்பதும் கொதித்தல் என்பதும் ஒன்றல்ல என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். கொடியிற் போட்ட ஈரச் சேலை உலர்கின்றது. முற்றத்திற் தேங்கிய மழைநீர் மறைகின்றது. அங்கே தீயும் இல்லை, குமிழியும் இல்லை. நீர் தன் மேற்பரப்பிலிருந்து, எந்த வெப்பநிலையிலும், ஓசையின்றி வளியிற் கலக்கின்றது. இதுவே ஆவியாதல். கொதித்தலோ மேற்பரப்பில் மட்டும் நிகழ்வதன்று. நீரின் உள்ளேயே ஆவிக்குமிழிகள் தோன்றி எழுகின்றன. அது குறித்ததொரு வெப்பநிலை வந்தாலன்றி நிகழாது.

ஆவியாதலை மனிதன் தொழிலாகக் கொண்டது மிகப் பழைய காலத்திலாகும். கடல்நீரைப் பாத்தியிற் தேக்கி, வெயிலுக்கு நீரை விட்டுக்கொடுத்து, உப்பைத் தான் எடுத்துக்கொண்டான். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடுகளுக்குக் கொண்டுசென்ற உமணரைச் சங்கப் பாடல்களிற் காண்கின்றோம். ஈழத்தில் அம்பாந்தோட்டை, புத்தளம், ஆனையிறவு ஆகிய இடங்கள் உப்புக்குப் பெயர்பெற்றவை. மலைநாட்டை ஆண்ட கண்டி மன்னருக்கு உப்பு ஓர் அரசியற் பிரச்சினையாகவே இருந்தது. 1766இல் ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையின் பின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாகியது. கடற்கரையை இழந்த நாடு, வெயில் இருந்தும் உப்புக்குப் பிறரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

உப்புப் பாத்தியிலிருந்து நீர் போகின்றது என்பதை எல்லாரும் கண்டனர். எவ்வளவு போகின்றது என்று அளக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் எட்மண்ட் ஹலி என்னும் ஆங்கிலேய வானியலாளர். வால்வெள்ளி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் பாத்திரமொன்றில் உப்புக் கரைத்த நீரை இட்டு, கோடைகால வெப்பத்தளவுக்குச் சூடாக்கி, தராசிற் தொங்கவிட்டு, அதன் நிறை குறைவதைக் கணித்தார். அதிலிருந்து மத்தியதரைக் கடல் ஒரு கோடைநாளில் இழக்கும் நீர் 500 கோடித் தொன்னுக்கும் மேல் என 1687இல் மதிப்பிட்டார். ஆறுகள் ஓயாது பாய்ந்தும் கடல் ஏன் நிரம்பி வழியவில்லை என்ற பழைய கேள்விக்கு ஒரு பாத்திரமும் ஒரு தராசும் விடை தந்தன.

ஆவியாகும் நீர் போகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கின்றது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பது இதனாலேயே. பானையின் நுண்டுளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து பெறுகின்றது. நம் வீட்டுப் பெண்கள் நூலின்றி அறிந்த இவ்வுண்மையை, ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் வில்லியம் கலன் சோதனையால் நிறுவி 1756இல் வெளியிட்டார். விரைவில் ஆவியாகும் ஈதர் என்னும் திரவத்தை வளியகற்றும் பம்பியின் கீழ் வைத்தபோது, அதனைச் சூழ்ந்திருந்த நீர் பனிக்கட்டியாக உறைந்தது. இன்றைய குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே நிகழ்வதும் அடிப்படையில் இதுவே.

இனிக் கொதித்தலுக்கு வருவோம்.

அடுப்பில் வைத்த கேத்திலைக் கூர்ந்து நோக்குங்கள். முதலில் அடியிலும் ஓரத்திலும் சிறு குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அவை நீராவி அல்ல. நீரிற் கரைந்திருந்த வளி, சூடேறியதும் வெளிவருவது. பின்னர் கேத்தில் பாடத் தொடங்கும். அடியிற் தோன்றிய ஆவிக்குமிழிகள் மேலேயுள்ள குளிர்ந்த நீரை அடைந்ததும் நொறுங்கி மறைவதால் எழும் ஓசை அது. நீர் முழுவதும் சூடேறிய பின் குமிழிகள் மறையாமல் மேற்பரப்பு வரை வந்து வெடிக்கும். ஓசை தணியும், நீர் தளதளக்கும். இதுவே கொதிநிலை.

குமிழி தோன்றுவதற்கு அது எதனைத் தள்ளிக்கொண்டு விரிய வேண்டும்? தன்மேலுள்ள நீரையும், அந்நீரின்மேல் அழுத்தி நிற்கும் வளிமண்டலத்தையும் தள்ளிக்கொண்டு விரிய வேண்டும். வளிக்கு நிறை உண்டென்பதும், அது எம்மை எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கின்றது என்பதும் பதினேழாம் நூற்றாண்டிலேயே தெளிவாயின. றொபேட் பொயில், தம் வளிப்பம்பியின் கண்ணாடிக் கலத்துள் சூடான நீரை வைத்து வளியை வெளியேற்றினார். தீயின் துணையின்றியே அந்நீர் கொதித்தது. அச்செய்தியை அவர் 1660இல் வெளியான தம் நூலிற் குறித்தார். அமுக்கம் குறைந்தால் கொதிப்பு எளிதாகும் என்பது இதனாற் புலனாயிற்று.

பொயிலிடம் உதவியாளராக இருந்த பிரான்சியர் டெனிஸ் பப்பின் இதன் மறுபக்கத்தைக் கண்டார். இறுக மூடிய கலத்தில் நீரைச் சூடாக்கினால், வெளியேற வழியில்லாத ஆவி நீரையே அமுக்கும். நீர் வழக்கமான வெப்பநிலையிற் கொதிக்க முடியாமல் மேலும் மேலும் சூடேறும். எலும்பையும் இளக்கும் இக்கலத்தை அவர் 1679இல் இலண்டன் றோயல் சங்கத்தார்முன் காட்டினார். கலம் வெடியாதிருக்க அவர் பொருத்திய காப்புவாயிலே இன்று எம் வீட்டு அமுக்க அடுகலத்தின் மேல் விசிலடிப்பதன் மூதாதை. அவ்வடுகலத்துள் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகின்றது.

எனவே, நீர் கொதிக்கும் பாகை அமுக்கத்தைப் பொறுத்து மாறுவது என்பது வெப்பமானியின் பாகைகள் நிலைபெறுவதற்கு முன்னரே தெரிந்திருந்தது. 1724இல் பரன்ஹைட், வளிமண்டலத்தின் நிறை மாறுந்தோறும் கொதிநிலையும் மாறுகின்றது என எழுதினார். அதுமட்டுமன்றி, கொதிநீரைக் கொண்டே வளியமுக்கத்தை அளக்கலாம் என்றும் கூறினார்.

இப்போது அந்த நூறுக்கு வந்துவிட்டோம். சுவீடன் நாட்டு உப்சாலாவில் வானியற் பேராசிரியராக இருந்த அந்தர்ஸ் செல்சியஸ் 1742இல் தம் அளவுத்திட்டத்தை வெளியிட்டார். அவர் வகுத்தபடி, நீர் கொதிக்கும் நிலை பூச்சியம். உறையும் நிலை நூறு! அவர் 1744இல் மறைந்த பின்னரே அத்திட்டம் தலைகீழாக்கப்பட்டு, நாம் இன்று அறிந்த உருவைப் பெற்றது. எண் எதுவாயினும் ஆகுக. கவனிக்க வேண்டியது வேறொன்று. பனிக்கட்டி உருகும் நிலை இடத்துக்கிடம் மாறுவதில்லை, கொதிநிலையோ பாரமானியின் உயரத்தோடு மாறுகின்றது என்பதை அவர் சோதித்து உறுதிசெய்தார். எந்த அமுக்கத்தில் அளந்த கொதிநிலையைக் கொள்ள வேண்டும் என்றும் குறித்தார். நிபந்தனை இன்றி அந்த எண் பிறக்கவில்லை. நாம் பாடப்புத்தகத்தில் எண்ணை மனனம் செய்து நிபந்தனையைக் கைவிட்டோம்.

அடுத்த வினா, அம்மாணவி கடைக்காரரிடம் அடுப்பை எரியவிடச் சொன்னபோது எழுந்த வினா. தீ எரிந்துகொண்டே இருக்க, பாகை ஏன் ஏறவில்லை? அந்த வெப்பம் எங்கே போயிற்று?

இதனை ஆராய்ந்தவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்பித்த ஜோசப் பிளாக். இவர் மேலே கூறிய கலனின் மாணவர். 1762ஆம் ஆண்டளவில் அவர் செய்த சோதனை, எந்தப் பாடசாலையிலும் செய்யத்தக்க அளவுக்கு எளியது. தகரப் பாத்திரத்தில் அளந்த நீரை இட்டு, நன்கு பழுக்கக் காய்ந்த அடுப்புத் தகட்டின்மேல் வைத்தார். குளிர்ந்த நீர் கொதிக்கத் தொடங்க ஏறத்தாழ 4 நிமிடங்கள் ஆயின. அந்நீர் முழுவதும் ஆவியாய் மறைய மேலும் 20 நிமிடங்கள் சென்றன. அந்த 20 நிமிடமும் தீ ஒரே சீராய் எரிந்தது, வெப்பமானியோ அசையவில்லை. அவ்வாறாயின், நீரைக் கொதிநிலைக்குக் கொணர்ந்த வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கு வெப்பம், நீரை ஆவியாக மாற்றுவதிலேயே மறைந்தது. இதனை அவர் மறைவெப்பம் என்றார். இன்றைய கணக்கின்படி 1 கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து நூறு பாகைக்குக் கொணர ஏறத்தாழ 420 யூல் போதும். நூறு பாகையில் அதனை ஆவியாக்க 2,257 யூல் வேண்டும். கொதிநீர் சுடுவதிலும் நீராவி கடுமையாகச் சுடுவது இதனாலேயே. ஆவி தோலிற் பட்டு மீண்டும் நீராகும்போது, மறைந்திருந்த வெப்பம் முழுவதையும் அவ்விடத்தில் விட்டுவிடுகின்றது.

ஆவியாதலையும் கொதித்தலையும் ஒரே விதியாற் பிணைத்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதைக் கூறுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஜோன் டால்ற்றன் ஏழை நெசவாளர் ஒருவரின் மகன். பன்னிரண்டு வயதிலேயே சிறார்க்குப் பாடஞ்சொல்லத் தொடங்கியவர். 1787 முதல் 1844இல் இறக்கும் வரை வானிலையை நாள்தோறும் குறித்துவந்தவர். அவர் 1801இல் மான்செஸ்டர் நகரச் சங்கமொன்றில் வாசித்த கட்டுரைகளில், ஒவ்வொரு திரவத்துக்கும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் குறித்ததோர் ஆவியமுக்கம் உண்டென அளந்து காட்டினார். வெப்பம் ஏறினால் அவ்வமுக்கமும் ஏறும். நீரின் ஆவியமுக்கம் 30 பாகையில் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரசத்தைத் தாங்கவல்லது. 100 பாகையில் 760 மில்லிமீற்றர். கடல்மட்டத்தில் வளிமண்டலம் தாங்கும் இரசத்தின் உயரமும் அந்த 760 மில்லிமீற்றரே.

இப்போது எல்லாம் விளங்குகின்றது. திரவத்தின் ஆவியமுக்கம் வெளியிலுள்ள வளியமுக்கத்துக்குச் சமமாகும் வெப்பநிலையே கொதிநிலை. அந்நிலையில் மட்டுமே குமிழி நொறுங்காமல் நிலைத்து நிற்கமுடியும். அதற்குக் கீழான வெப்பநிலையில் மேற்பரப்பிலிருந்து மட்டும் ஆவி செல்லும். அது செல்லும் வேகம், திரவத்தின் ஆவியமுக்கத்துக்கும் வளியில் ஏற்கெனவே உள்ள ஆவியின் அமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. வளி முற்றாக நிறைந்திருந்தால் வேறுபாடு இல்லை. ஈரச் சேலை உலராது.

திரவத்திற் பிற பொருள் கரைந்திருந்தால் ஆவியமுக்கம் குறையும். சப்பிரகமுவக் கிராமங்களிற் கித்துள் பதநீரைக் காய்ச்சுவோர் இதனைக் கண்ணாற் காண்கின்றனர். நீர் வற்றிச் சீனி செறியச் செறியக் கொதிநிலை நூறையும் தாண்டி ஏறுகின்றது. பாணியாகும் பருவத்திற் கையிற் பட்டால் வெறும் கொதிநீரினும் அது கொடிதாகச் சுடும்.

இவ்வறிவு மலையேறியவர்க்கு அளவுகோலாயிற்று. கொதிநீரில் வெப்பமானியை இட்டு மலையின் உயரத்தைக் கணிக்கும் கருவியொன்றை வொலஸ்ற்றன் என்னும் ஆங்கிலேயர் 1817இல் விவரித்தார். அதே 1817இல், புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிறி டேவியின் தம்பியும் படை மருத்துவருமான ஜோன் டேவி, இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறினார். இலங்கையின் உள்நாடு பற்றி அவர் 1821இல் வெளியிட்ட நூல், இத்தீவின் மலைகளையும் ஊற்றுக்களையும் வெப்பமானியோடு சென்று நோக்கியவரின் நூலாகும். எம் மாணவி வெப்பமானியைத் துவாயிற் சுற்றிச் சென்ற வழி, இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் இரசாயன ஆராய்ச்சியாளர் வெப்பமானியோடு சென்ற வழி என்பதை நான் அப்போது அறிந்தேனல்லேன்.

தென்னமெரிக்காவில் 1835இல் சார்ள்ஸ் டார்வின் அந்திஸ் மலைத்தொடரைக் கடந்தபோது நிகழ்ந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. அவருடன் சென்றோர் உருளைக்கிழங்கைப் பல மணித்தியாலம் அவித்தும் அது வேகவில்லை. பானை புதியது, அதற்குக் கிழங்கை வேகவைக்க விருப்பமில்லை என்று அவர்கள் பானைமேற் பழிசுமத்தினர். உண்மையில் அம்மலையில் நீர் குறைந்த பாகையிற் கொதித்தது. ஆதலின் கிழங்கு வேகவில்லை. அவர்கள் பானையைக் குறைகூறினர். நான் வெப்பமானியைக் குறைகூறினேன். வேறுபாடு அவ்வளவே.

டால்ற்றன் கண்ட விதிக்குள் உறையும் காரணத்தை ஜேர்மனியரான கிளவுசியஸ் 1857இல் விளக்கினார். திரவத்தின் மூலக்கூறுகள் ஓயாது அசைவன. அவை எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் மிகு வேகத்தோடு அசைவன தம் கூட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வெளியேறுகின்றன. வேகமிக்கவை போய்விட, எஞ்சியவற்றின் சராசரி வேகம் குறைகின்றது. அதாவது திரவம் குளிர்கின்றது. மண்பானை நீரின் குளிர்ச்சிக்கு இதுவே முடிந்த விளக்கம்.

அதன்பின் பத்தாண்டுகள் கழித்து, 1867இல், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தம் பங்களா விறாந்தையில் மேசைமேற் கொழுந்தைக் கையாற் சுருட்டி, களிமண் அடுப்பிற் கரித்தீயில் உலர்த்தினார். அன்று தொடங்கிய தொழில், நீரைக் கொதிக்கவிடாமல் வெளியேற்றும் தொழிலே என்றால் மிகையன்று. பறித்த கொழுந்தில் முக்காற்பங்குக்கு மேல் நீர். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. எஞ்சிய மூன்றரைக் கிலோவும் வளியிற் கலந்த நீரே.

தோட்டத்தில் ஸ்டோர் என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை முதலில் வாட்டுவர். 12 முதல் 18 மணித்தியாலம் வரை வளியோட்டத்தில் அது மெல்ல ஈரத்தை இழக்கும். அதன் பின்னரே உருளையிலிட்டு அரைத்து, நொதிக்கவிட்டு, ஈற்றில் வெப்பவளியில் உலர்த்துவர். இதற்கென சாமுவேல் டேவிட்சன் 1877இல் அமைத்த உலர்த்தும் பொறிக்கு, சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் வெங்காற்றின் பெயராகிய சிறொக்கோ என்பதே பெயராயிற்று. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் எமது இரத்தினபுரிப் பகுதியில் வாட்டுதல் எளிதன்று. மழைக்காலத்து வளியில் ஆவி நிறைந்திருப்பதால், டால்ற்றன் கூறிய அமுக்க வேறுபாடு அற்பமாகின்றது; ஆதலின் வளியைச் சூடாக்கி அனுப்புகின்றனர்.

வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றப்பட்டிருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாவதால் அது குறைந்த பாகை காட்டும். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாயின் வளி உலர்ந்தது, கொழுந்து வாடும். வேறுபாடு இல்லையாயின் வளி நிறைந்துவிட்டது. எத்தனை மணித்தியாலம் விரித்து வைத்தாலும் பயனில்லை. கலன் கண்ட குளிர்ச்சியும் டால்ற்றன் கண்ட விதியும் அந்த இரு கண்ணாடிக் குழாய்களில் ஒருங்கே தொங்குகின்றன. இலையைக் கைக்குள் அமுக்கி, அது மீளும் விதத்திலிருந்தே வாட்டம் போதுமா என்று கூறவல்ல முதிய தொழிலாளர்களை நான் அறிவேன். அவர்களுடைய பிள்ளைகளுக்கே இவ்வதிகாரம் புத்தகத்திற் கடினமாகத் தோன்றுகின்றது. புத்தகமும் தொழிற்சாலையும் பேசுவது ஒன்றே என்று நாம் அவர்களுக்குச் சொல்லாததே அதற்குக் காரணம்.

இஃது அறிவுக்கு மட்டும் உரிய செய்தியன்று. மழைநாளிற் கொழுந்து நிறுக்கும்போது, இலையின்மேலுள்ள ஈரத்துக்கென ஒரு பங்கு கழிக்கப்படுவதைத் தோட்டத்தார் அறிவர். கூடையைச் சுமந்து வந்தவளின் நாட்கூலி அக்கழிவோடு தொடர்புடையது. இலைமேல் எவ்வளவு நீர் தங்கும், எவ்வளவு நேரத்தில் அது போகும் என்பதைத் தராசும் மணிக்கூடும் கொண்டு எவரும் அளக்கலாம். ஹலி கடலுக்குச் செய்ததை ஒரு கூடைக்குச் செய்வது கடினமன்று. அளக்கத் தெரிந்த பிள்ளை, கழிவு நியாயமா அன்றா என்பதைக் கோபத்தாலன்றி எண்ணாற் பேசும்.

அளந்ததை வெட்டிவிடும்படி நான் ஒரு பிள்ளைக்குக் கற்பித்ததன் பிழை எத்தகையது என்பதை இதன் பின்னரே உணர்ந்தேன். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். அவ்வுயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 580 மில்லிமீற்றராகக் குறைகின்றது. உச்சிக்குச் சற்றுக் கீழே, கடையிருக்கும் இடத்தில், அது சற்றே கூடுதல். நீரின் ஆவியமுக்கம் 93 பாகையில் ஏறத்தாழ 590 மில்லிமீற்றர். கணக்கு அம்மாணவியின் குறிப்பேட்டோடு பொருந்துகின்றது. பொதுவாக 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை குறையும் எனக் கொள்ளலாம். நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதிக்கின்றது; எவரெஸ்ட் உச்சியில் 70 பாகையை ஒட்டியே கொதித்துவிடும்.

நான் அம்மாணவியை அழைத்து, காலைக் கூட்டத்தில் எல்லா மாணவர்க்கும் முன்பாக, "நீ கண்டது சரி, நான் சொன்னது பிழை" என்றேன். அவள் சற்று நேரம் நின்றுவிட்டு, "அப்படியென்றால் பரீட்சையில் எதை எழுதுவது, சேர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "நூறு என்றே எழுது, ஆனால் 'நியம வளிமண்டல அமுக்கத்தில்' என்னும் சொற்களை அதனோடு சேர்த்து எழுது. செல்சியஸ் அவ்வாறுதான் சொன்னார்" என்றேன்.

அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து, முன்பு வெட்டிய வரியின் கீழ் மீண்டும் 93 என்று எழுதினாள். அதன் அருகே இடத்தின் பெயரையும் திகதியையும் குறித்தாள்.